திரையில் 1, தலைக்குள் ஒளி

வேலை பழகிய புதிதில் ஒரு கைப்பிடி நீல எல்இடிகளைக் குப்பைக் கூடையில் போட்டேன். மல்டிமீட்டரை டயோடு நிலையில், அதாவது ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் டயோடைச் சோதிக்கும் நிலையில், வைத்து எப்படி மாற்றிப் பிடித்தாலும் திரையில் 1 மட்டுமே வந்தது. கடைசி ஒன்றை விளக்கணைத்த பிறகு தற்செயலாகத் தொட்டேன். திரையில் அதே 1; ஆனால் எல்இடியின் தலைக்குள் ஊசிமுனையளவு நீல ஒளி. கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து பொறுக்கினேன்.

டயோடு நிலையில் மீட்டர் ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியர் செலுத்தி, இரு கால்களுக்கு நடுவே விழும் வோல்ட்டைக் காட்டுகிறது. மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தக் கணக்கு 1.999 வோல்ட்டோடு முடிந்துவிடும்; அதைத் தாண்டினால் வெறும் 1. சிவப்பு எல்இடி 1.6 முதல் 1.9 வரைக்குள் அடங்கிவிடும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 2.5க்கு மேல் வேண்டும். எனவே திரையை விட்டுவிட்டு எல்இடியைப் பாருங்கள், கையால் நிழல் கட்டி.

சில மீட்டர்களில் அந்த மங்கல் ஒளியும் வராது. உங்களுடையது எந்த வகை என்று அறிய, அதை டயோடு நிலையில் வைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையே இன்னொரு மீட்டரால் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 2.5க்குக் கீழே என்றால் வெள்ளை எல்இடிக்கு அது ஆகாது.

சாதாரண டயோடில் இந்தத் தொல்லை இல்லை. வளையம் போட்ட பக்கம் கறுப்பு முனை, மறுபக்கம் சிவப்பு. 1என்4007 என்ற பரவலான வகை என்றால் 0.55, 0.6 அருகில் வரும். சில மீட்டர்கள் அதையே 580 என்று மில்லிவோல்ட்டில் காட்டும். குறைந்த வோல்ட்டே விழும் ஷாட்கி வகை டயோடில் 0.2 வந்தாலும் பழுதில்லை. விரலால் பிடித்துக்கொண்டே பார்த்தால் எண் மெல்ல இறங்கும். உடல் சூடுதான் காரணம், டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட். மாற்றிப் பிடித்தால் 1 அல்லது ஓஎல் (அளவு மீறியது) வர வேண்டும். இருபுறமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். ஆனால் போர்டில் இருக்கும்போது அந்தத் தீர்ப்பை நம்பாதீர்கள்: பக்கத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் சுற்று இருந்தாலே போதும், அப்படித்தான் காட்டும். மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வடித்து, டயோடின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளங்கள்.

முள் மீட்டர் தலைகீழ். பெரும்பாலானவற்றில் ஓம் நிலையில் கறுப்பு முனைதான் உள் பேட்டரியின் நேர்முனை. இது தெரியாமல் ஒரு முறை அரை டஜன் டயோடுகளுக்குத் திசை மாற்றிக் குறி போட்டிருக்கிறேன். ஓம் அளவின் 1 மடங்கு (x1) நிலையில் நூறு மில்லி ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும். சின்ன டயோடுகளுக்கு 10 மடங்கு நிலையே பத்திரம். எதிர்த் திசையில் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க 10 ஆயிரம் மடங்கு நிலையில் மாற்றிப் பிடியுங்கள். சிலிக்கான் டயோடில் முள் அசையக்கூடாது. இரு கால்களையும் விரலால் தொட்டால் உங்கள் தோலைத்தான் அளப்பீர்கள்.

மீட்டர் கைவிட்ட வெள்ளை எல்இடிக்கு 9 வோல்ட் பேட்டரியும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தொடராகப் போதும். நீளமான கால் நேர்முனைப் பக்கம். எரியும்போதே அதன் கால்களுக்கு இடையே டிசி வோல்ட் வைத்துப் பாருங்கள். 3ஐ ஒட்டி நிற்கும்.