கருவி காசுக்கு, நிரல் இலவசத்துக்கு: சரிதானா?

துரைப்பாக்கத்தில் டீக்கடை பெஞ்சில் ஒரு தம்பி கேட்டான்: "காசு கொடுத்து வாங்கிய எடிட்டரில் (நிரல் எழுதும் மென்பொருளில்) எழுதியதை ஓப்பன் சோர்ஸாக, அதாவது மூலநிரலை எல்லோருக்கும் திறந்து, வெளியிடலாமாண்ணா?" தாராளமாக. எடிட்டரின் உரிமம் பொதுவாக நீங்கள் எழுதிய நிரலைத் தொடாது. கவனிக்க வேண்டியது, கருவி கூடவே சேர்த்துவிடும் லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளை. மூலநிரலைத் திறந்து கொடுக்காத மூடிய லைப்ரரியை ஜிபிஎல் (வெளியே கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்கச் சொல்லும் உரிமம்) நிரலோடு இணைத்து வெளியே கொடுத்தால் தலைவலிதான்.

அப்புறம், 'இலவசம்' என்றதும் மயங்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் இலவச நிரலெழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியில் சிறு நிறுவனங்கள் மூடிய மென்பொருள் எழுத 5 பேர் வரைதான் அனுமதி. ஓப்பன் சோர்ஸ் வேலைக்கு அந்த வரம்பில்லை. மைக்ரோசாஃப்டின் இன்னொரு எடிட்டரான விஎஸ் கோடின் மூலநிரல், கட்டுப்பாடு குறைந்த ஓப்பன் சோர்ஸ் உரிமமான எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது. ஆனால் நாம் டவுன்லோட் செய்வது மைக்ரோசாஃப்டின் தனி உரிமத்தில் வருகிறது. அது உறுத்தினால், அதே மூலநிரலிலிருந்து எம்ஐடி உரிமத்திலேயே உருவாக்கித் தரப்படும் விஎஸ்கோடியம் இருக்கிறது.