காரைக்குடியில் நிற்கும் ஒரு சரக்கு வேகனின் வரலாற்றை எழுதுவது எப்படி

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு பித்தளை அண்டா யாருடையது என்று அறிய வேண்டுமானால், முதலில் அதில் வெட்டியிருக்கும் விலாசத்தைத்தான் பார்ப்பார்கள். சரக்கு வேகனுக்கும் அத்தகைய விலாசம் உண்டு. பக்கச் சுவரில் எழுதப்பட்டிருக்கும் 11 இலக்க எண்ணே அது. அதை நடைமேடையில் நின்றே படித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அனுமதியின்றித் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகையைக் குறிக்கும். 30 முதல் 39 வரை இருந்தால் அது மூடிய வேகன். அடுத்த இரண்டும் உடைமையாளரான ரயில்வேயைக் காட்டும். தெற்கு ரயில்வேக்கு 06. ஐந்தாம், ஆறாம் இலக்கங்கள் தயாரிப்பு ஆண்டு, அதன்பின் வரும் நான்கும் தனி எண், கடைசியில் நிற்பது சரிபார்ப்பு இலக்கம்.

இந்தக் கடைசி இலக்கத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ அதுவே மிக அருமையானதாகத் தோன்றுகிறது. உதாரணத்துக்கு, 3006851234 என்ற பத்து இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இரட்டை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 17, அதன் மும்மடங்கு 51. ஒற்றை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 15. ஆக மொத்தம் 66. அடுத்த பத்தின் மடங்கான 70ஐ எட்ட 4 தேவைப்படுவதால், பதினோராம் இலக்கம் 4 ஆகும். துருவேறி ஓர் இலக்கம் மட்டும் அழிந்துபோயிருந்தால், அந்த இடத்தில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றாக வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் பொருந்தும்.

எண்ணுடன் வகை எழுத்துகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பி.சி.என். என்பதில் பி போகி எனப்படும் சக்கரச் சட்டத்தையும், சி மூடிய அமைப்பையும், என் காற்று பிரேக்கையும் சுட்டும். பி.ஓ.எச். என்ற எழுத்துகளுக்கு அருகிலுள்ள தேதி பணிமனையில் நடந்த பெரும் பராமரிப்புக்கு உரியது; ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுவதால், வேகனின் அண்மைக் காலத்தை மட்டுமே அது சொல்லும்.

மேற்சொன்ன எண்ணில் 06, 85 ஆகியவற்றைக் கண்டவுடன், 1985 முதலே அந்த வேகன் செட்டிநாட்டுக்குச் சரக்கு ஏற்றி வந்தது என்று எழுதிவிடக் கூடாது. வேகன்கள் நாடு முழுவதும் சுற்றுபவை. உடைமைக் குறியீடு அவை ஓடிய ஊரைக் காட்டாது. மேலும், திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929இலும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930இலும் போடப்பட்ட பாதை 1,000 மி.மீ. அகலமுள்ள மீட்டர் கேஜ். 1985இலும் அது அப்படியே இருந்தது. இப்போதுள்ள 1,676 மி.மீ. பாதைக்கான வேகன் அன்று இந்த ஊருக்கு வந்திருக்க வழியே இல்லை. பழைய குடும்பப் புகைப்படத்தில் காரைக்குடி நிலையத்து மீட்டர் கேஜ் வேகன் தென்பட்டால், அது வேறு வேகன் என்பதால் அதற்கென்று தனி ஏடு ஒன்றைத் தொடங்குங்கள்.