ஆயில் விட்டால் மட்டும் போதாது: மண்பாதை பைக்கின் செயினில் நாம் செய்யும் தவறுகள்

ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகிய கை எக்ஸ்பல்ஸ் போன்ற மண்பாதை பைக்குக்கு மாறும்போது, பழைய பழக்கத்தின் பலனை முதலில் அனுபவிப்பது செயின்தான். ஸ்ப்ளெண்டரில் செயினை முழுதாக மூடிய தகரக் கவர் இருக்கிறது. அதிலுள்ள ரப்பர் மூடியைத் திறந்து, மெக்கானிக் ஆயில் கேனை வைத்து அழுத்துவார். உள்ளே எவ்வளவு போகிறது, எங்கே விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. கவர் இருப்பதால் மண் அவ்வளவாக உள்ளே வராது. கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாலும் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

2016-இல் ஹிமாலயனும் 2019-இல் எக்ஸ்பல்ஸும் வந்த பிறகு, காட்டுப் பாதையிலும் ஆற்றங்கரையிலும் பைக் ஓட்டுகிறவர்கள் நம் ஊரில் கூடிவிட்டார்கள். இந்த வண்டிகளில் செயின் திறந்தே கிடக்கிறது. அதன்மேல் ஆயிலைத் தாராளமாக ஊற்றி, அப்படியே செம்மண் பாதையில் இறங்கினால், அரை மணி நேரத்தில் செயின் முழுக்க உப்புத்தாளாகிவிடும். ஆயில் போதாமல் தேய்கிற செயின்கள் உண்டு. ஆயில் அதிகமாகித் தேய்கிற செயின்களே மண்பாதையில் அதிகம் என்பது என் கணிப்பு.

எந்த வகைச் செயின் என்று பார்க்காமல் வேலையில் இறங்குவது

ரோலர் செயினின் அடிப்படை அமைப்பு 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கியது. இன்றும் பெரிதாக மாறவில்லை. இரண்டு பக்கமும் தகடுகள். அவற்றை இணைக்கும் ‘பின்’ என்ற சிறு உருளைக் கம்பி. பின்னைச் சுற்றி ‘புஷ்’ என்ற சிறு குழாய். புஷ்ஷைச் சுற்றி உருளும் ரோலர். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லின்மேல் உட்காருவது ரோலர். ஆனால் செயின் வளையும் ஒவ்வொரு முறையும் உரசிக்கொள்வது பின்னும் புஷ்ஷும்தான். செயினின் ஆயுள் முடிவாவது அந்த இரண்டுக்கும் இடையில்.

ஓ-ரிங் செயினில், அந்த இடைவெளிக்குள் தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து, உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே ஒரு சிறு ரப்பர் வளையத்தை வைத்து மூடிவிடுகிறார்கள். எக்ஸ்-ரிங் என்பதும் இதே ஏற்பாடுதான். வளையத்தின் வடிவம் மட்டும் வேறு. இந்தச் செயின்களில் வெளியிலிருந்து நாம் அடிக்கும் எந்த ஆயிலும் பின்வரை போகாது. அப்படியானால் ஏன் அடிக்க வேண்டும்? ரோலருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே வளையம் எதுவும் இல்லை. அங்கே ஆயில் வேண்டும். ரப்பர் வளையங்கள் காயக் கூடாது. தகடுகள் துருப்பிடிக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் ஒரு மெல்லிய படலம் போதும்.

வளையம் இல்லாத சாதாரணச் செயின் வேறு கதை. மோட்டோகிராஸ் பந்தய வண்டிகள் பலவற்றிலும் சிறுவர்களுக்கான குட்டி டர்ட் பைக்குகளிலும் இதுதான் இருக்கும். உரசல் குறைவு, எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்கள் விரும்புகிறார்கள். இதில் பின்வரை ஆயில் ஊறிப் போக வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் போட வேண்டும்.

உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க, செயினை ஒருமுறை துடைத்துவிட்டு, மேலிருந்து இரண்டு தகடுகளின் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய ரப்பர் விளிம்பு தெரிந்தால் ஓ-ரிங் வகை. தகட்டோடு தகடு ஒட்டியிருந்தால் சாதாரண வகை.

எஞ்சினை ஓடவிட்டுத் துடைப்பது

இந்த ஒரு தவறை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவற்றில் போவது பணம்; இதில் போவது விரல்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றும்போது துணியைச் செயினில் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். துணியின் ஒரு நூல் பல்லுக்கும் செயினுக்கும் இடையில் மாட்டினால், கையை விடுவிக்க நேரமே கிடைக்காது. சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

கையால் சுற்றும்போதும் திசை முக்கியம். பெரும்பாலும் நாம் வேலை செய்வது கீழ்ப்பக்கச் செயினில், பின் ஸ்ப்ராக்கெட்டுக்குச் சற்று முன்னால். சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் அந்தச் செயின் பின் ஸ்ப்ராக்கெட்டுக்குள் நுழைகிறது. துணியையும் இழுத்துக்கொண்டு போகும். பின்னோக்கிச் சுற்றினால் அதே இடத்தில் செயின் பல்லிலிருந்து வெளியே வருகிறது. ஆகவே பின்னோக்கியே சுற்றுங்கள். ஹிமாலயன் 411-க்கு சென்டர் ஸ்டாண்ட் உண்டு. எக்ஸ்பல்ஸுக்கு இல்லை என்பதால் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. சைடு ஸ்டாண்டில் சாய்த்து, ஒருவர் பிடிக்க இன்னொருவர் சுற்றும் வித்தை வேண்டாம்.

பெட்ரோல், கம்பி பிரஷ், வாட்டர் சர்வீஸ்

ஒர்க்‌ஷாப்பில் எதைக் கழுவினாலும் ஒரு டப்பாவில் பெட்ரோல் வந்துவிடும். அழுக்கு உடனே கரைவதால் மனத்துக்கும் திருப்தியாக இருக்கும். ஓ-ரிங் செயினில் இது கூடாது. பெட்ரோலும் தின்னரும் பிரேக் கிளீனரும் அந்த ரப்பரை உப்பவைத்தோ இறுகவைத்தோ கெடுத்துவிடும். வளையம் போனால் உள்ளேயிருக்கும் கிரீஸும் போகும், மண் உள்ளே போகும். சாதாரணச் செயினானாலும் பெட்ரோலில் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. வீட்டு வாசலில் அந்த வேலை தேவையில்லை.

மண்ணெண்ணெய்தான் பல தயாரிப்பாளர்களின் கையேடுகளில் சொல்லப்படுவது. இப்போது அது எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் டீசல், அல்லது ஓ-ரிங்குக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் செயின் கிளீனர். எதுவானாலும் பிரஷ்ஷை அதில் நனைத்துத் தேய்ப்பதுதான் முறை. செயினைக் கழற்றி இரவெல்லாம் ஊறப் போடுவது ஓ-ரிங் வகைக்கு ஆகாது.

கம்பி பிரஷ் வளையத்தைக் கீறிவிடும். நைலான் பிரஷ்ஷோ பழைய டூத் பிரஷ்ஷோ போதும். தகட்டின் வெளிப்பக்கம் பளபளப்பதால் எந்தப் பயனும் இல்லை. உள்பக்கத்தில், ரோலர்களுக்கு இடையிலுள்ள பசையை எடுங்கள். அங்கே விரலை வைத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல் தட்டுப்படும். அது நிற்கும்வரை வேலை முடியவில்லை.

வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் குழாயைச் செயினுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து அடிக்கும்போது, அந்த வேகத்தில் தண்ணீர் வளையத்தைத் தாண்டி உள்ளே புகுந்துவிடக்கூடும். புகுந்த தண்ணீர் எளிதில் வெளியே வராது. அடிக்க வேண்டுமென்றால் தள்ளி நின்று, சேறு கரைந்து விழும் அளவுக்கு மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். வீட்டில் சாதாரண ஹோஸ் குழாயே போதும். கழுவிய வண்டியை ஈரத்தோடு நிறுத்திவிட்டுப் போனால் மறுநாள் காலையில் செயின் சிவந்திருக்கும். சிறிது தூரம் ஓட்டி, துடைத்து, ஆயில் போட்ட பிறகே நிறுத்த வேண்டும்.

கரிசல் சேற்றில் ஓட்டியவர்கள் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடிக்குள் அந்தச் சேறு புகுந்து காய்ந்தால் செங்கல்லாக இறுகிவிடும். மூடியைக் கழற்றி, ஒரு மரக்குச்சியால் பெயர்த்து எடுங்கள். செயினை மட்டும் மினுக்கிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் ஏராளம்.

கையில் கிடைத்ததைத் தடவுவது

எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைச் செயினுக்கு விடுவது நம் ஊரின் நெடுநாள் சிக்கனம். அதில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கின்றன. செயினை எதிலிருந்து காப்பாற்ற நினைக்கிறோமோ அதையே கொண்டுவந்து பூசுகிறோம்.

கிரீஸை அள்ளி அப்புவதும் அப்படித்தான். கெட்டியாக இருப்பதால் ரோலருக்குள் இறங்காது. வெளியில் நின்று மண்ணை வரவேற்கும்.

டபிள்யூடி-40-ஐப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட திரவம் அது. மழையில் நனைந்த செயினிலிருந்து தண்ணீரை விரட்ட உதவும், அழுக்கை இளக்கவும் உதவும். ஆனால் அந்தச் சாதாரண நீல டப்பாவில் உள்ளது செயினுக்கான மசகு அல்ல. அதன் படலம் மெல்லியது, நிலைக்காது. அதை அடித்துவிட்டு ஆயில் போட்டாயிற்று என்று கிளம்புவதுதான் தவறு. அதே நிறுவனம் செயினுக்கென்று தனி லூப்ரிகண்டும் விற்கிறது.

சிக்கனமாகச் செய்ய வேண்டுமென்றால் 90 நம்பர் கியர் ஆயில் இருக்கிறது. பல கையேடுகள் அதை அனுமதிக்கின்றன. சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு கண்ணியின் உள்பக்கத்திலும் விட வேண்டும். ஓடும்போது சற்றுத் தெறிக்கும். அது ஒன்றுதான் குறை.

எந்த லூப் (லூப்ரிகண்ட்) என்பதை நீங்கள் ஓட்டும் மண் தீர்மானிக்கட்டும். கோடையில் செம்மண் புழுதி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் போன்ற இடங்களில் மெழுகு வகை லூப்போ உலர் வகையோ நல்லது. ஒட்டும் தன்மை குறைவு. மழைக்காலச் சேற்றிலும் ஓடையிலும் அவை சீக்கிரம் கழுவிப் போய்விடும். அங்கே சற்றுக் கெட்டியான, ஒட்டிக்கொள்ளும் வகை வேண்டும். கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவை நீட்டினால், லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

போடும் இடத்திலும் நேரத்திலும்தான் பாதி விஷயம் இருக்கிறது. செயினின் வெளிமுகத்தில் அடித்தால், ஓடும் வேகத்தில் எல்லாம் வெளியே வீசப்பட்டு, டயரிலும் உங்கள் பூட்ஸிலும் போய்ச் சேரும். கீழ்ச் செயினின் உள்முகத்தில், அதாவது பல்லைத் தொடும் பக்கத்தில் அடித்தால் அதே வேகம் ஆயிலை உள்ளே தள்ளும். வலப்பக்கத் தகட்டு விளிம்பு ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று. அவ்வளவே. டிஸ்க்கின்மேல் படாமல் ஒரு அட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கில் ஆயில் பட்ட வண்டியில் பின் பிரேக்கை நம்ப முடியாது.

ஓடி வந்து இளஞ்சூடாக இருக்கும் செயினில் ஆயில் நன்றாக இறங்கும். கிளம்புவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அடிப்பது வீண். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் ஆவியாகி, மசகு மட்டும் நிற்க நேரம் வேண்டும்; முந்தைய நாள் மாலையே போட்டுவிடுவது உத்தமம். பிறகு பலர் செய்யாமல் விடும் வேலை ஒன்று: துடைப்பது. பனியன் வேஸ்ட்டை எடுத்து வெளித் தகடுகளை அழுத்தித் துடையுங்கள். விரலை வைத்தால் லேசாகக் கறை ஒட்ட வேண்டும். சொட்டாக வரக் கூடாது. போட்ட ஆயிலைத் துடைப்பதா என்று கை தயங்கும். வேண்டியது ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

இறுக்கி வைப்பது

சுத்தம் செய்யும் நாளிலேயே செயினின் தொய்வையும், அதாவது கீழ்ச் செயின் மேலும் கீழும் எவ்வளவு ஆடுகிறது என்பதையும், பார்த்துவிடுவோம். சேறு அப்பிய செயின் இறுக்கமாகத் தெரியும் என்பதால், கழுவிய பிறகே அளக்க வேண்டும்.

சாலை வண்டியின் கணக்கை இங்கே கொண்டுவருவது பெரிய தவறு. அங்கே பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. வரை தொய்வு சொல்வார்கள். டர்ட் பைக்கின் சஸ்பென்ஷன் அதிக தூரம் இறங்கி ஏறும். பின்சக்கரத்தைத் தாங்கும் சுவிங்ஆர்ம் மேலே எழும்பி, முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் சுவிங்ஆர்ம் ஆடும் மூட்டான பிவட்டும் பின்சக்கர அச்சும் ஒரே கோட்டில் வரும்போது, செயின் உச்ச இறுக்கத்துக்குப் போகிறது. அப்போது தொய்வு மிச்சமில்லையென்றால் இழுபடுவது கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங். ஆகவே இவற்றுக்குத் தொய்வு கூடுதலாக வேண்டும். சில வண்டிகளில் 50 மி.மீ.-ஐயும் தாண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு, எந்த இடத்தில், ஸ்டாண்டிலா தரையிலா என்பதெல்லாம் கையேட்டில் இருக்கும். சுவிங்ஆர்மில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருக்கலாம். ஆடுகிற செயினைப் பார்த்துப் பதறி, மெக்கானிக்கிடம் “நல்லா டைட் வையுங்கண்ணே” என்று சொல்லாதீர்கள்.

சக்கரத்தைச் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். ஓரிடத்தில் தொய்வும் இன்னோரிடத்தில் இறுக்கமும் இருந்தால் செயின் சீராகத் தேயவில்லை. இறுக்கமான இடத்தை வைத்தே அளவெடுங்கள். ஸ்ப்ராக்கெட்டை விட்டு வந்த பிறகும் ஏதாவது ஒரு கண்ணி நிமிராமல் மடங்கியே நின்றால், அதன் உள்ளே துரு ஏறியிருக்கிறது.

இரு முனைகளையும் ஒரு கிளிப்பால் பூட்டிய (கிளிப் லாக்) செயினைக் கழற்றிக் கழுவினால், திரும்ப மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் ஒரு கல் பட்டாலே கழன்றுவிடக்கூடும்.

செத்த செயினுக்கு வைத்தியம்

பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரிந்தால் ஆயுள் முடிந்தது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் அளக்கலாம். 520 என்ற அளவுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 15.875 மி.மீ.; 20 கண்ணிக்கு 317.5 மி.மீ. அது 323 மி.மீ.-ஐ நெருங்கினால் மாற்ற வேண்டியதுதான். 428 அளவுச் செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ.; 20 கண்ணிக்கு 254. தேய்மானம் உள்ளே, பின்னிலும் புஷ்ஷிலும் நடந்து முடிந்துவிட்டது. எந்த விலை உயர்ந்த லூப்பும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

மாற்றும்போது செயினை மட்டும் மாற்றினால் பணம் மிச்சம் என்று நினைப்பார்கள். தேய்ந்த பல்லின்மேல் ஏறும் புதுச் செயின் சீக்கிரமே பழசாகிவிடும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செயினும் சேர்ந்த செட்டாகவே வாங்குங்கள். கழுவிய டீசலை மரத்தடியிலோ சாக்கடையிலோ கொட்டாமல், ஒரு பாட்டிலில் ஊற்றித் தெளியவிட்டால், மேலே நிற்பதை அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம்.