மணச்சான்றிதழ் இல்லாத இருவருக்கு

பினாங்கு லைட் ஸ்திரீட் பக்கம் ஒரு லாயர் ஆபீஸில் 22 வருடமாக உயில் டைப் பண்ணுகிறேன். நானும் என் துணைவியும் ஒரே வீட்டில் 14 வருடம். எங்கள் உயிலை எழுதியதோ போன தீபாவளிக்கு முந்தின வாரம்தான். ஊருக்குத்தான் உபதேசம்!

ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய தன் 377ஏ பிரிவை நீக்கும் சட்டத்தைச் சிங்கப்பூர் 2022இல் நிறைவேற்றிவிட்டது. தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத்தவர் கல்யாணமே பதியலாம். நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் அதே வகைப் பிரிவுகளான 377ஏ, 377பி அப்படியே கிடக்கின்றன: 20 வருடம் வரை சிறை, பிரம்படி. எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் போய்ப் பதிந்து வந்தாலும் இங்கே செல்லாது. ஆகவே இருக்கிற சட்டத்தை வைத்தே வேலையைப் பாருங்கள். நான் சொல்வது முஸ்லிம் அல்லாதவர்களுக்கு. முஸ்லிம்களுக்கு விதி வேறு.

முதலில் வீடு. “கிராண்டில் ரெண்டு பேர் பெயரும் இருக்கே, அக்கா” என்பார்கள், வீட்டுப் பட்டாவைச் சொல்கிறார்கள். போதாது. ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாக வராது. உயில் இல்லையென்றால், 1958 சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, மணமாகாத, பிள்ளையில்லாதவரின் பங்கு பெற்றோருக்கு. அவர்களும் இல்லையென்றால் கூடப்பிறந்தவர்களுக்கு. எங்களிடம் வந்த ஒரு தம்பியிடம், துணையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, இறந்தவரின் அண்ணன் வீட்டை விற்கச் சொன்னாராம். பேங்க் கடன் ரசீதுகளை அந்தத் தம்பி பிளாஸ்டிக் பையோடு என் மேசையில் கொட்டினார். எல்லாம் அவர் கட்டியது.

உயிலுக்கு 18 வயது ஆகியிருந்தால் போதும். இரண்டு சாட்சிகள் ஒன்றாக நின்று பார்க்க நீங்கள் கையெழுத்திடுங்கள், பிறகு உங்கள் எதிரிலேயே அவர்கள். துணையைச் சாட்சியாக்காதீர்கள், சாட்சிக்கு எழுதிய சொத்து அவருக்குப் போய்ச் சேராது. எனக்கு டெஸ்பாட்ச் தம்பியும் கீழே நாசி கண்டார் கடைக் காசாளரும். அவளை வெளியே உட்காரவைத்தேன், முறைத்தாள்.

இபிஎப் என்ற தொழிலாளர் சேமநிதிப் பணத்துக்கு யாரையும் நியமிக்கலாம், பணம் அவருக்கே. இன்சூரன்ஸ்தான் ஏமாற்றும். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் அல்லாத நாமினி பணத்தை வாங்கலாம், தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பாலிசியை உயிலிலும் எழுதுங்கள்.

உங்கள் சார்பில் செயல்பட எழுதித்தரும் பவர் ஆஃப் அட்டர்னியை நம்பி ஐசியு வாசலில் நிற்காதீர்கள். கொடுத்தவருக்குச் சுயபுத்தி போனால் அதுவும் போய்விடும். ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவசரத் தொடர்புக்குத் துணையின் பெயரை நினைவோடு இருக்கும்போதே எழுதுங்கள். பித்தப்பை ஆபரேஷனுக்குப் போனபோது அவள் என் பெயரை எழுதி, உறவு என்ற கட்டத்தில் ‘அக்கா’ என்று போட்டாள். நான் அவளுக்கு மூன்று வயது இளையவள்.