மான் வேட்டைக்கு இடியனா, நவீன ரைபிளா?

கார்த்திகை நெருங்கினால் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் மருமக்களிடமிருந்து வெள்ளவத்தைக்கு இந்தக் கேள்வி வந்துவிடும்: முதல் துவக்கு எதை வாங்குவது, மாமா? அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். குழல்வாயால் வெடிமருந்தும் சன்னமும் இட்டு இடிக்கும் துவக்கை இடியன் என்றே சொல்கிறேன்.

இது இலங்கைக்கான விளக்கம் இல்லை. இங்கே மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஊரில் யாரோ இடியன் வைத்திருக்கிறார், காட்டுக்குப் போவோம் என்று கூப்பிட்டால் போகவே போகாதீர்கள்.

முதலில் வேட்டைப் பருவமும் சட்டமும். கடைக்குப் போகுமுன் நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டத்தைப் படியுங்கள். பாதிக் கேள்விக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். தெற்கு ஒன்ராறியோவில் பல இடங்களில் மானுக்கு ரைபிள் கூடாது. சொட்கன், இடியன், வில் இவைதான். பென்சில்வேனியாவில் கிறிஸ்மஸுக்குப் பிறகு வரும் இடியன் பருவத்தில் சிக்கிமுக்கிக் கல் பொறியால் வெடிக்கும் பழைய வகை மட்டும்தான். 1974 முதல் அப்படித்தான்.

அடுத்தது தூரம். துவக்கு எவ்வளவு தூரம் சுடும் என்பதல்ல, நீங்கள் எவ்வளவு தூரம் சுடுவீர்கள் என்பதுதான் கணக்கு. மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலம். அதே அளவில் ஒரு கடதாசித் தட்டை எடுத்து, பயிற்சித் திடலில் 50 மீற்றரில் மாட்டுங்கள். மேசையில் சாயாமல், காட்டில் இருப்பதுபோலவே முழந்தாளிட்டு ஐந்து முறை சுடுங்கள். ஐந்தும் தட்டில் பட்டால் 75 மீற்றருக்குத் தள்ளுங்கள், அப்புறம் 100. எந்தத் தூரத்தில் ஒன்றாவது தவறுகிறதோ, அதற்கு முந்தியதே உங்கள் எல்லை. அதைத் தாண்டிச் சுட்டால் மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். அந்தப் பாவம் வேண்டாம்.

உருண்டைக் குண்டு போடும் பழைய இடியனுக்கு 75 முதல் 100 மீற்றர் போதும். தொலைநோக்குக் குறிகாட்டியான ஸ்கோப் பூட்டிய இன்லைன் வகை, அதாவது கேப் மருந்துக்கு நேர் பின்னால் இருக்கும் நவீன இடியன், 150 வரை நம்பகமானது. .308 ரவை போடும் ரைபிள் 250ஐயும் தாண்டும். அடர்ந்த காட்டில் பெரும்பாலான மான்கள் 100 மீற்றருக்குள்ளேயே தென்படும்; அங்கே இந்த வித்தியாசம் பெரிதில்லை.

பிறகு உங்கள் பொறுமை. இடியனில் ஒழுங்கு மாறவே கூடாது. அளவுக் குப்பியால் கரிமருந்தை அளந்து கொட்டவேண்டும். மருந்து வைத்திருக்கும் கலத்திலிருந்து நேராகக் குழலில் கொட்டக்கூடாது. சன்னத்தை வைத்து, மருந்தின்மேல் இடைவெளி இல்லாமல் இருக்கும்வரை கோலால் இறுக்கவேண்டும். சரியாக நிரப்பிய நிலையில் கோலில் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த முறை கோடு குழல்வாய்க்கு மேலே நின்றால் சன்னம் முழுக்க இறங்கவில்லை. குழல் வெடிப்பது அப்போதுதான். மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான கேப்பைக் கடைசியில்தான் பொருத்தவேண்டும். ரைபிள் ரவையின் புகையில்லா மருந்தை இடியனில் ஒருபோதும் போடாதீர்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலைப் பாதுகாப்பான பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடமாவது காத்திருங்கள்.

சுட்ட அன்றே சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசவேண்டும். கரிமருந்துப் படிவு ஈரத்தை இழுத்து, விடிவதற்குள் துருப்பிடிக்க வைத்துவிடும். இந்த வேலைக்குச் சலிப்பவருக்கு இடியன் சரிவராது.

என் எண்ணம் இதுதான். சட்டம் இடம் கொடுத்தால் முதல் வருடம் உதைப்புக் குறைந்த .243 ரவை போடும் போல்ற் ரைபிள், அதாவது ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் தாழை இழுத்து ரவை ஏற்றும் வகை, வாங்குங்கள். மூச்சையும் விசையையும் அதில் பழகலாம். இடியன் மட்டும்தான் அனுமதி என்றால் இன்லைன் வாங்குங்கள். சிக்கிமுக்கி வகையில் விசைக்கும் வெடிக்கும் நடுவே வரும் தாமதம் புதியவரின் கையை அசைத்துவிடும். எதை வாங்கினாலும், துவக்குக்கு வைத்த காசில் கொஞ்சத்தைப் பயிற்சி ரவைக்கு ஒதுக்கிவையுங்கள்.