கிரிப்டோ: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை விலை எகிறும். முகூர்த்தம் முடிந்தால் சரியும். கிரிப்டோ எனும் டிஜிட்டல் நாணயங்களில் ஒன்றான பிட்காயினின் விலையும் வாங்க நிற்பவர்களின் கூட்டத்தைப் பொறுத்ததுதான். ஆனால் விலை ஏறுகிறதே என்று வரத்தைக் கூட்ட முடியாது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காயின்தான். ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைப் பதிவேட்டில் ஒரு புதுப் பக்கம், சேரும். சேர்ப்பவருக்கு 2009-இல் 50 புதுக் காயின் கிடைத்தது. 2,10,000 பிளாக்குக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகிவிட்டது. வட்டி, டிவிடெண்ட், அரசு உத்தரவாதம் எதுவும் கிடையாது. 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டி விற்றது, ஒரே வருடத்தில் 16,000-க்குக் கீழே போனது.

"காயின் 10 பைசாதான், ஒரு ரூபாய் ஆனால் பத்து மடங்கு" என்பார்கள். விலையைப் புழக்கத்திலுள்ள எண்ணிக்கையால் பெருக்குங்கள். 10 லட்சம் கோடி காயின் இருந்தால் அதன் சந்தை மதிப்பு இப்போதே ஒரு லட்சம் கோடி ரூபாய். விலை பத்து மடங்காக அது பத்து லட்சம் கோடியாக வேண்டும். காயின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டா என்றும் பாருங்கள்: டோஜ்காயின் என்ற கிரிப்டோவுக்குக் கிடையாது, வருடம் 500 கோடி புதிதாக வரும். தினசரி வர்த்தகம் சொற்பமென்றால் விற்கப்போகும் நாளில் வாங்க ஆள் இருக்காது.

பிட்காயினை முழுசாக வாங்க வேண்டியதில்லை. ஒன்றில் 10 கோடி சடோஷி என்ற சிறு பங்குகள் உண்டு. மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான எக்ஸ்சேஞ்சில் (காயின் வாங்கி விற்கும் தளத்தில்) பான், ஆதார் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். முதலில் 500 ரூபாய்க்கு வாங்கி, விற்று, பணத்தை வங்கிக்குத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். வெளியே எடுக்க முடியாத இடத்தில் லாபம் வெறும் திரைக்கணக்கு. முன்பின் தெரியாதவரிடம் பி2பி (ஆளுக்கு ஆள் நேரடி) முறையில் விற்க வேண்டாம். அவர் அனுப்புவது திருட்டுப் பணமென்றால் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். எக்ஸ்சேஞ்சில் விடாமல் சொந்த வாலட்டில் (காயினை நீங்களே கையாளும் ஆப் அல்லது கருவி) வைப்பதென்றால், அதை மீட்க உதவும் 12 அல்லது 24 ரகசியச் சொற்களைக் காகிதத்தில் எழுதுங்கள், போனில் போட்டோ எடுக்காதீர்கள். காயினை அனுப்பும்போது நெட்வொர்க் (காயின் போகும் வழி) மாறிப்போனால் பெரும்பாலும் திரும்பாது.

பலருக்கும் அடி விழுவது வரியில். லாபத்துக்கு 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ். ஒரு காயினின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. ஒன்றில் 20,000 லாபம், மற்றொன்றில் 15,000 நஷ்டம் என்று வையுங்கள். கையில் மிஞ்சுவது 5,000, வரி 6,240. விற்கும்போது முன்கூட்டியே பிடிக்கும் வரியான 1 சதவீத டிடிஎஸ்ஸை மட்டும் ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

ஹோட்டல் ஹாலில் கூட்டம் போட்டு, மாதம் 10 சதவீதம், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று விற்கும் 'சொந்தக் காயின்' வேறு எந்த எக்ஸ்சேஞ்சிலாவது விற்குமா என்று கேளுங்கள். அவர்கள் ஆப்பில் மட்டும்தான் என்றால் எழுந்து வந்துவிடலாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும்.