பாட்டு வரிசைக்காகச் சண்டை போடுவது எப்படி?

எந்த ராக் ஆல்பம் பெரியது என்று ஆரம்பித்தால் சண்டை ஐந்து நிமிடம்கூட ஓடாது. ஒருத்தர் பிங்க் ஃபிளாய்ட் என்பார், இன்னொருத்தர் லெட் ஸெப்பலின் என்பார், மூன்றாவது ஆள் பீட்டில்ஸ் என்று சொல்லிவிட்டு டீ ஆறுவதற்குள் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார். அவரவர் காது, அவரவர் இஷ்டம். அதற்குப் பதிலாக, "இந்தப் பாட்டு ஏன் நாலாவதாக வருது? தூக்கி ஆறாவதில் வைத்தால் என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடும்வரை ஓடும்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. வரிசை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது கல்யாண வீடுதான். விடியற்காலை குழாய் கட்டி முடித்ததும் சீர்காழி கோவிந்தராஜனின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. அது முடிந்துதான் மற்ற சாமி பாட்டெல்லாம். பெண் வரும் நேரத்துக்கு 'மணமகளே மருமகளே வா வா'. பந்தி நடக்கும்போது குத்துப்பாட்டு ஒன்றைப் போட்டால் பெரியவர் ஒருத்தர் எழுந்து வந்து ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்பார். ராத்திரி ரிசப்ஷனில் அதையே போட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடி தொடையில் தாளம் தட்டுவதும் அவர்தான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடை மாடியில் உட்கார்ந்து அடித்துக்கொள்வதும் இதே விஷயத்துக்காகத்தான். ரயில்வேயில் இருக்கும் ஒரு அண்ணன், பாண்டியிலிருந்து பைக்கில் வரும் பிரெஞ்சு வாத்தியார், என் மச்சான், காலேஜ் படிக்கும் மச்சான் பையன், நான். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு ஜமா சேர்க்க நினைத்தால் எப்படி நடத்துவது என்று சொல்கிறேன்.

முதல் வேலை, எல்லோரும் ஒரே ஆல்பத்தைத்தான் பேசுகிறோமா என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள். பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' 1965-இல் இங்கிலாந்தில் வந்தபோது முதல் பாட்டு 'டிரைவ் மை கார்'. அமெரிக்காவில் வந்த அதே பெயர் ஆல்பத்தில் முதல் பாட்டு 'ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்'. ஒன்று மின்சாரக் கிடாரோடு துள்ளும், இன்னொன்று அகூஸ்டிக் கிடாரோடு ஓடும். ஆரம்பமே வேறு என்றால் ஆல்பமே வேறு. ஃபிளீட்வுட் மாக்கின் 'ரூமர்ஸ்' 1977-இல் வந்தபோது 'சாங்பேர்ட்' முடிந்ததும் இசைத்தட்டைத் திருப்பினால் 'தி செயின்'. 2004 மறுவெளியீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' வந்து உட்கார்ந்துகொண்டது. அதைக் கேட்டு வளர்ந்தவரும் பழைய தட்டைக் கேட்டு வளர்ந்தவரும் பேசினால் விடியும்வரை பேசலாம், முடிவு வராது.

கேசட் ஆட்கள் இன்னும் மோசம். எங்கள் ரயில்வே அண்ணனைத்தான் சொல்கிறேன். கேசட்டில் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருந்தால்தான் நாடா வீணாகாது, கடைசியில் சும்மா ஓடாது. அதனால் கம்பெனிகளே பாட்டை இடம் மாற்றிவிடும். பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பத்தின் சில கேசட்டுகளில் 'கம் டுகெதர்', 'ஹியர் கம்ஸ் த சன்' இரண்டும் இடம் மாறி இருக்கும். அண்ணனிடம் இருந்தது அப்படி ஒன்று. ஆல்பம் சூரியன் உதிப்பதில்தான் ஆரம்பிக்கிறது, அதுதான் பொருத்தம் என்று அவர் அடித்துச் சொன்னபோது வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. அவரவர் கேட்டதை வைத்துப் பார்த்தால் இருவருமே சொன்னது சரி. ஆகவே உட்காருவதற்கு முன்பே இன்ன வருடம், இன்ன நாடு, தட்டா கேசட்டா என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் முதலில் வந்த இங்கிலாந்து எல்.பி.யை, அதாவது பெரிய இசைத்தட்டை, அடிப்படையாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்க பேண்ட் என்றால் அமெரிக்க எல்.பி.

அப்புறம் போனைச் சரிசெய்ய வேண்டும். வரிசையைக் கலைத்துப்போடும் ஷஃபிள் அணைந்திருக்கிறதா பாருங்கள். கிராஸ்ஃபேட் என்று ஒன்று இருக்கும், அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையில் ஏறும். கேப்லெஸ், அதாவது பாட்டுகளுக்கு நடுவே போனே இடைவெளி போடாமல் ஓடவேண்டும். 'டீலக்ஸ்', 'ஆனிவர்சரி' என்று போட்ட ஆல்பத்தில் கடைசியில் தொங்கும் போனஸ் பாட்டுகளை எடுத்துவிடுங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'எக்லிப்ஸ்' முடிந்து இதயத்துடிப்பு அடங்கும் நேரத்தில் 1972 கச்சேரிப் பதிவு ஒன்று கிளம்பினால் வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பத்தை ஒரே ஓட்டமாகக் கேட்காதீர்கள். பக்கம் முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். டீ அங்கேதான்.

பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்', 1973. முதல் பக்கம் 'தி கிரேட் கிக் இன் த ஸ்கை'யில் முடிகிறது. சாவைப் பற்றிய பாட்டு. ஒரு பெண் குரல், வார்த்தையே இல்லாமல் கதறி, கெஞ்சி, களைத்து, பியானோவோடு அடங்குகிறது. தட்டில் கேட்டவர் எழுந்து போய்த் திருப்பி ஊசியை வைத்த பிறகுதான் காசைப் பற்றிய 'மணி' பாட்டின் சில்லறைச் சத்தம் கேட்கும். சாவுக்கும் காசுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடலாம். சி.டி.யில் அந்த மூச்சு கிடையாது, அழுகை ஓய்ந்ததும் கல்லாப்பெட்டி. எது நல்லது என்பதே ஒரு சாயங்காலத்துக்குப் போதும். (புது பாக்ஸ் ஸ்பீக்கர் வந்தால் நான் 'மணி' போட்டுத்தான் சோதிப்பேன். ஒருமுறை எதிர் மளிகைக்கடைக்காரர் "என்ன மாமா, கல்லா கீழே விழுந்துடுச்சா?" என்று ஓடிவந்தார்.)

ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' 1976. முதல் பக்கக் கடைசிப் பாட்டு 'வேஸ்டட் டைம்'. இரண்டாம் பக்கம் அதே பாட்டின் இசைத் துணுக்கோடு தொடங்குகிறது. இடைவெளி விட்டால் அது பழைய ஞாபகம் திரும்புவது போல இருக்கும். இடைவெளி இல்லாமல் ஓடவிட்டால் முடிந்த பாட்டுக்கு ஒட்டுப்போட்டது போல இருக்கும். மச்சான் பையன் பல தடவை கேட்ட ஆல்பம்தான். டீ குடித்துவிட்டு வந்து கேட்ட அன்றுதான் "ஓ, இது அதுவா" என்றான்.

வாயைத் திறப்பதற்கு முன் தட்டைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஓரத்திலும் அதே வேகம், நடுவிலும் அதே வேகம். ஆனால் ஓரத்தில் ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர், லேபிள் பக்கம் போகும்போது அது 40-க்குக் கீழே இறங்கிவிடும். அதே நேரத்தில் ஓடும் ஓசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி அடைக்க வேண்டும். அதனால் உள்ளே போகப் போக டிரம்ஸ் செட்டின் சிம்பல் தாளம், 'ஸ்' எழுத்தெல்லாம் கரகரக்கும். சத்தமான பாட்டை வெளியிலும் மெல்லிய பாட்டை உள்ளேயும் வைப்பது பாதி ரசனை, பாதி இந்தக் கணக்கு. பக்கத்துக்கு 22 நிமிடத்துக்கு மேல் போனால் ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கும், சத்தத்தைக் குறைத்துத்தான் தட்டில் வெட்டமுடியும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 'லெட் ஸெப்பலின் IV' தட்டின் முதல் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடியுங்கள். கடைசிப் பட்டை 'ஸ்டேர்வே டு ஹெவன்', எட்டு நிமிடம். அதன் தொடக்கம் கருப்பாக, வழவழப்பாகத் தெரியும்; லேபிளை நெருங்க நெருங்கச் சாம்பல் பூத்தது போல மின்னும். மெல்ல ஆரம்பித்து உச்சத்தில் அலறும் பாட்டு, அந்த அலறல் போய் விழுவது தட்டின் மிக மோசமான இடத்தில். கணக்குப்படி பார்த்தால் இது தப்பு. ஆனாலும் அங்கேதான் வைத்தார்கள், ஏனென்றால் அதற்குப் பின்னால் எந்தப் பாட்டும் நிற்காது. கணக்கை மீறி ஒரு பாட்டு ஓரிடத்தில் இருந்தால் அங்கே யாரோ பிடிவாதம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதைத்தான் நீங்கள் பேச வேண்டும்.

பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய தட்டு கண்ணில் பட்டால் இதே டார்ச் உதவும். கீறல் வட்டமாக இருந்தால் பயமில்லை என்று விற்பவர் சொல்வார், நம்பாதீர்கள். கடற்கரை ஊர்த் தட்டில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி ஆட்டம். எங்கள் விதி எளிமையானது. ஆளுக்கு ஒரு மாற்றம்தான். ஒரு பாட்டை இடம் மாற்றலாம், அல்லது ஒன்றைத் தூக்கிவிட்டோ தூக்காமலோ அதே காலத்தில் அதே பேண்ட் பதிவு செய்த வேறொன்றை வைக்கலாம். பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மாற்றியதும் முழு ஆல்பத்தையும் கேட்கத் தேவையில்லை. ஒட்டுப் போட்ட இடத்தை மட்டும், முன்பாட்டின் கடைசி ஒரு நிமிடமும் பின்பாட்டின் முதல் ஒரு நிமிடமும் கேட்டால் போதும். கேட்டுவிட்டுத்தான் வாதம். கேட்காமல் பேசுபவர் அடுத்த ரவுண்டு பஜ்ஜிக்குக் காசு தருவார்.

முதல்முறை கூடுகிறவர்கள் டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்' எடுத்துக்கொள்ளுங்கள். 1972, ஏழே பாட்டு, முப்பத்தேழு நிமிடம் சொச்சம். கரண்ட் போவதற்குள் முடித்துவிடலாம். முதல் பக்கம் 'ஹைவே ஸ்டார்', 'மேபி ஐம் எ லியோ', 'பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்', 'நெவர் பிஃபோர்'. இரண்டாவது 'ஸ்மோக் ஆன் த வாட்டர்', 'லேஸி', 'ஸ்பேஸ் ட்ரக்கின்'. இதே காலத்தில் பதிவாகி ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் சிங்கிள் என்ற சின்னத் தட்டின் பின்பக்கம் போனது 'வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்', மூன்றரை நிமிடம். இரண்டாம் பக்கம் பதினேழரை நிமிடம்தான் இருக்கிறது, சேர்த்தால் 21. விதிக்குள் வருகிறது.

மச்சான் அதை 'லேஸி'க்கும் 'ஸ்பேஸ் ட்ரக்கின்'னுக்கும் நடுவில் வைக்கச் சொன்னான். ஏழு நிமிடம் ஆர்கனும் கிடாரும் ஓடி முடித்தபின் ஒரு மெதுவான பாட்டு மூச்சுவாங்க விடும் என்பது அவன் கட்சி. கேட்டோம். நன்றாகவே இருந்தது. வாத்தியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஆல்பத்தில் ஒரு அழுகைப் பாட்டுகூட இல்லை, அதனால்தான் அது கார் மாதிரி ஓடுகிறது, ஒன்றை வைத்தாலும் பிரேக் பிடித்துவிடும் என்றார். அண்ணனோ 'நெவர் பிஃபோர்' பாட்டைத் தூக்கிவிட்டு முதல் பக்கத்தை இந்த அழுகையில் முடிக்கலாம் என்றார். என் ஓட்டு அண்ணனுக்கு. பக்கம் முடியும் இடத்தில் சோகம் தாங்கும், டீ இருக்கிறது.

"பெரிய ஆட்கள் முடிவு செய்தது, நாம் யார் மாற்ற?" என்ற பேச்சைத் தடை செய்துவிடுங்கள். மேலே சொன்ன 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' தட்டில் இடம் போதாமல் வெளியே போனது. 'அபே ரோடு' கடைசியில் வரும் 'ஹெர் மெஜஸ்டி' 23 விநாடிப் பாட்டு. முதலில் அது இரண்டாம் பக்கப் பாட்டுத்தொடரின் நடுவில், 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்', 'பாலிதீன் பாம்' இரண்டுக்கும் இடையில் இருந்தது. பிடிக்கவில்லை, வெட்டி எறியுங்கள் என்றார் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. பீட்டில்ஸ் பதிவு எதையும் எறியக்கூடாது என்று ஸ்டூடியோவில் உத்தரவு இருந்ததால், வெட்டியவர் அதை நாடாவின் கடைசியில் ஒட்டிவைத்தார். கேட்டுப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அதன் முதல் விநாடியில் 'டாண்' என்று விழுவது 'மஸ்டர்ட்' பாட்டின் கடைசி அடி. அந்தக் காலத்து உறையில் பாட்டின் பெயர்கூட அச்சாகவில்லை.

மேடை வரிசையையும் உள்ளே இழுக்காதீர்கள். ஜூன் 21 அன்று பாண்டியில் இசை நாளுக்குத் தெருவில் பேண்ட் வாசிக்கும்போது கூட்டத்தைப் பிடித்து நிறுத்த ஹிட் பாட்டுதான் முதலில் வரும். ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் எங்கும் ஓடிப்போக மாட்டார், அவரைக் கொஞ்சம் காக்க வைக்கலாம். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஐந்தாவதாக வருவது அந்தத் தைரியத்தில்தான்.

பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' போன்ற ஆல்பங்களைச் சில மாதம் பழகிய பிறகு எடுங்கள். ஜமாவில் ஜார்ஜ் ஹாரிசன் கட்சி ஒருத்தர் இருந்தால் இரண்டாம் பக்கத் தொடக்கத்தில் வரும் ஹாரிசனின் சிதார் பாட்டிலேயே அன்றைய இரவு போய்விடும். சத்தம் பத்து மணிக்குக் குறைந்துவிட வேண்டும், வாதம் எத்தனை மணிவரை வேண்டுமானாலும் போகலாம். மாறிய வரிசையைப் போனில் தனி பிளேலிஸ்ட்டாகச் சேமித்து, யார் மாற்றியது என்று பெயர் போட்டு வையுங்கள். அடுத்த வாரம் "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று யாராவது ஒருத்தர் கட்டாயம் ஆரம்பிப்பார்.